கேலண்டர் உருளையில் தாளின் ஓரம் மட்டும் பளபளக்கிறது, நடுவில் மங்கல். வெப்பத்தைக் கூட்டினால் சரியாகுமா?

கேட்டவரின் நிலைமை இதுதான். அம்பத்தூரில் தாளுக்கு மெருகேற்றும் சிறு ஆலை. ஒரு மீட்டர் அகலத் தாளை இரு உருளைகளுக்கிடையே அழுத்தி மெருகேற்றும் கேலண்டர் இயந்திரம். மேலே, உள்ளிருந்து மின்சாரத்தில் சூடாகும் 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள குரோம் பூசிய எஃகு உருளை. கீழே பாலிமர் உறை போட்ட உருளை. 80 ஜிஎஸ்எம் தாள், அதாவது ஒரு சதுர மீட்டர் 80 கிராம் எடை; நிமிடத்துக்கு 60 மீட்டர் வேகம். இரு ஓரமும் மின்னுகின்றன, நடுப்பகுதி எடுபடவில்லை. வெப்பத்தையும் அழுத்தத்தையும் கூட்டிப் பார்த்தும் பலனில்லாததால், எண்ணெயால் சூடேற்றும் புதிய உருளை வாங்கலாமா என்கிறார்.

இப்போதைக்கு வேண்டாம். உருளைப் பராமரிப்பே என் பிழைப்பு என்பதால் சொல்கிறேன்: நீங்கள் கூட்டிய இரண்டுமே கோளாறை வளர்ப்பவை. அழுத்தம் உருளையின் இரு முனைகளில் இருக்கும் பேரிங் வழியாகத்தான் வருகிறது. அதைக் கூட்டக் கூட்ட உருளை வளைந்து நடுவில் பிடி தளரும், ஓரம் இறுகும். வெப்பமும் அப்படியே. தாள் படும் இடத்தில் உருளையின் சூட்டைத் தாள் வாங்கிக்கொண்டு போகிறது. தாளுக்கு வெளியே வெறுமனே சுற்றும் முனைகளுக்கு அந்தச் செலவு இல்லை. அவை சூடேறிக்கொண்டே போகும். எஃகு சூட்டில் விரியும். 300 மில்லிமீட்டர் உருளையில் 10 டிகிரி வேறுபாடு, விட்டத்தில் ஏறத்தாழ 35 மைக்ரான் வேறுபாடு. உங்கள் 80 ஜிஎஸ்எம் தாளின் மொத்தத் தடிமனே சுமார் 100 மைக்ரான்தான்! கீழே இருக்கும் மென்மையான உறை இதில் கொஞ்சத்தை உள்வாங்கும், எல்லாவற்றையும் அல்ல.

மூன்றாவது ஆசாமி சென்னையின் காற்று. பிரித்து வைத்த ரீல் இரு பக்கவாட்டிலும் ஈரத்தை உறிஞ்சும். ஐப்பசி, கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். ஈரம் ஏறிய நார் குறைந்த சூட்டிலேயே இளகிப் பளபளத்துவிடும். ஆக மூன்று காரணங்களும் ஒரே அடையாளத்தைத்தான் விட்டுப் போகின்றன. எது முதன்மை என்று தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. உருளை தாளைவிட அகலமாக இருந்தால், ரீலை நான்கு விரல்கடை பக்கவாட்டில் நகர்த்தி ஓட்டுங்கள். பளபளப்புப் பட்டை தாளோடு சேர்ந்து நகர்ந்தால் ஈரம்; உருளையின் அதே இடத்தில் நின்றால் உருளை. ஈரம்தான் என்றால் செலவு மிகக் குறைவு. ஓட்டும்வரை ரீலைச் சுற்றியிருக்கும் உறையைப் பிரிக்காதீர்கள், பிரித்த ரீலை இரவு முழுக்க வாசல் பக்கம் விடாதீர்கள்.

உருளைதான் என்றால் முதலில் அளவெடுங்கள். பல ஆலைகளில் துப்பாக்கி மாதிரியான அகச்சிவப்பு வெப்பமானியைக் குரோம் மேல் நீட்டிவிட்டு, காட்டும் எண்ணை நோட்டில் எழுதிவைக்கிறார்கள். பளபளப்பான குரோம் தன் வெப்பத்தைக் கதிராக வெளிவிடுவது மிகக் குறைவு. பெரும்பாலும் எதிரில் இருக்கும் சுவரைத்தான் பிரதிபலிக்கிறது. 150 டிகிரி உருளையை அந்தக் கருவி ஐம்பது, அறுபது என்று காட்டும். தாள் படாத முனையில் இரண்டு விரல் அகலத்துக்கு, வெப்பம் தாங்கும் மங்கல் கறுப்பு வண்ணம் அடித்து அங்கே குறிவையுங்கள். சைலன்சருக்கு அடிக்கும் வண்ணமே போதும், ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கிடைக்கும். நடுப்பகுதிக்குத் தொட்டு அளக்கும் வெப்பமானிதான் சரி. ஓட்டத்தை நிறுத்தி, உருளைகளை விலக்கி, சூடு சமமாகிவிடும் முன் முனைக்கு முனை அளந்துவிடுங்கள். சுழலும்போது இரு உருளை சேரும் வாயருகே கையைக் கொண்டுபோகவே கூடாது.

அடுத்தது அழுத்தம். பாரிமுனையில் இன்னும் கார்பன் தாள் விற்கிறார்கள். வெள்ளைத் தாளோடு அதைச் சேர்த்து, உருளை அகலம் முழுக்க நீட்டி வைத்து, உருளையைச் சுழற்றாமல் வழக்கமான அழுத்தத்தில் இறக்கி எடுங்கள். கறுப்புப் பட்டை ஓரங்களில் அகலமாகவும் நடுவில் குறுகியும் விழுந்தால் வளைவு உறுதி. நிலையான தீர்வு, கீழ் உருளையை நடுவில் மிகச் சிறிது பருத்திருக்கும்படி கடைசல் பட்டறையில் அரைத்து வாங்குவது. எவ்வளவு பருமன் என்பது நீங்கள் ஓட்டும் அழுத்தத்தைப் பொறுத்தது. அதைச் சொல்லாமல் உருளையை மட்டும் அனுப்பினால் அவர்கள் உத்தேசமாக அரைத்துத் தருவார்கள். தற்காலிக வழி, ஒரு உருளையின் இரு பேரிங்குகளையும் எதிரெதிர்த் திசையில் சிறிது நகர்த்தி, உருளைகள் லேசாகக் குறுக்கே கிடக்கும்படி செய்வது. முனைகளில் பிடி தளரும். அளவு மீறினால் தாள் சுருக்கம் போடும். வெறும் முனைகள் சூடேறுவதற்கு, அங்கே மட்டும் காற்று ஊதும் குழாய் வைத்தாலே நல்ல வித்தியாசம் தெரியும்.

இனி எண்ணெய். கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு மீட்டர் அகலம், 80 ஜிஎஸ்எம், 60 மீட்டர் வேகம் என்றால் நிமிடத்துக்கு 4.8 கிலோ தாள். அதை 40 டிகிரி சூடேற்ற ஏறக்குறைய 4.5 கிலோவாட். ஈரத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு ஆவியானால் மேலும் 2 கிலோவாட் அளவுக்கு வேண்டும். காற்றில் வீணாவதையும் சேர்த்து 10 கிலோவாட் சூடாக்கி இருந்தால் இந்த வேகத்துக்குத் தட்டுப்பாடு வராது. 150 மீட்டருக்குப் போகும் எண்ணம் இருந்தால், தாளுக்கு மட்டுமே 16 கிலோவாட் வேண்டும். அப்போது எண்ணெய் உருளையைப் பற்றிப் பேசலாம். வாங்கினால், எண்ணெய் மையத் துளையில் மட்டும் ஓடும் உருளை வேண்டாம். மேற்பரப்பை ஒட்டிச் சுற்றிலும் துளையிட்டதுதான் சமமாகச் சூடாகும்.

வேகத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், பலரும் நேர்மாறாக நினைக்கிறார்கள். உருளைகளுக்கிடையே தாள் இருப்பது சில மில்லிநொடிகள். அதற்குள் சூடு மேல்தோலில் மட்டும் இறங்கினால் தோல் வழவழப்பாகும், உள்ளே தாளின் பருமன் தங்கும். மெதுவாக ஓட்டினால் சூடு உள்வரை போய்த் தாள் முழுவதும் நசுங்கும். ஆண்டர்சன் தெரு வியாபாரி விரலால் தொட்டே ‘தாள் மெலிந்துவிட்டது’ என்று திருப்பி அனுப்புவது இதனால்தான். சூட்டைக் கூட்டுவதென்றால் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டு கூட்டுங்கள்.

ஈரமும் தேவைதான், இஸ்திரிக்காரர் பருத்திச் சட்டை மேல் தண்ணீர் தெளிப்பதன் காரணமே இங்கும். 3 சதவீதத்துக்குக் காய்ந்த தாள் எந்தச் சூட்டுக்கும் மசியாது. 6, 7 சதவீதத்தில் வழிக்கு வரும். அதற்கு மேல் திட்டுத்திட்டாக ஈரம் இருந்தால் அந்த இடங்கள் கறுத்து, எண்ணெய் பட்டதுபோல் ஒளி ஊடுருவும்.

சோதனை ஓட்டங்களில் தாள் அடிக்கடி அறும். அறுந்த நொடியே உருளைகள் விலகும்படி ஏற்பாடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தாள் இல்லாமல் சூட்டு உருளை பாலிமர் மேல் நேராக உரசினால் சீக்கிரமே உறை பொசுங்கிவிடும். புது உறை போட என்ன செலவாகும் என்று விசாரித்து வைத்துக்கொண்டால் ஆட்கள் தாமாகவே கவனமாக இருப்பார்கள்.