நம்பிக்கை தரும் ஆறுதல்: கேள்வி பதில்

கேள்வி: சூழ்நிலை சிறிதும் மாறாதபோது, நல்லது நடக்கும் என்று நம்புவதால் மட்டும் மனத்துக்கு ஆறுதல் கிடைப்பது எப்படி?

பதில்: இன்றைய வலியோடு, இது இனி மாறவே மாறாது என்ற எண்ணமும் சேரும்போதுதான் துன்பம் தாங்க முடியாததாகிறது. நம்பிக்கை அந்த இரண்டாவது சுமையை இறக்கி வைக்கிறது. அமெரிக்க உளவியலாளர் சி. ஆர். ஸ்னைடர் 1991இல் முன்வைத்த கோட்பாட்டின்படி, இலக்கை அடையும் வழிகளைக் காண்பதும், அவ்வழிகளில் நடக்கத் தம்மால் முடியும் என்ற உறுதியும் சேர்ந்ததே நம்பிக்கை.

உடலிலும் இதற்கு நெருங்கிய சான்று உண்டு. 1978இல் வெளியான ஓர் ஆய்வில், ஞானப்பல் அகற்றப்பட்டவர்களுக்கு மருந்தே இல்லாத ஊசி போடப்பட்டபோது சிலருக்கு வலி தணிந்தது. உடலின் இயற்கையான வலி நிவாரணிகளைத் தடுக்கும் நலாக்சோனைக் கொடுத்ததும் அவர்களுக்கு வலி கூடியது. வலி குறையும் என்ற எதிர்பார்ப்பே அந்த நிவாரணிகளைச் சுரக்கச் செய்ததாக ஆய்வாளர்கள் கருதினர். (புண்ணை அது ஆற்றிவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.)

கேள்வி: நம்பி ஏமாந்தால் துயரம் இரட்டிப்பாகாதா?

பதில்: நம்பிக்கையை ஒரு தேதியில் கட்டிவைத்தால் ஆகும். நாஜி வதைமுகாம்களிலிருந்து மீண்ட மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்கல், 1944 கிறிஸ்துமஸுக்கும் 1945 புத்தாண்டுக்கும் இடைப்பட்ட வாரத்தில் முகாமில் இறப்புகள் மிகவும் கூடியதையும், பண்டிகைக்குள் வீடு திரும்பிவிடுவோம் என்று பலர் எண்ணியிருந்ததே அதற்குக் காரணம் என்று முகாமின் தலைமை மருத்துவர் கருதியதையும் பதிவு செய்திருக்கிறார். வியட்நாமில் 1965 முதல் 1973 வரை போர்க்கைதியாக இருந்த அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜேம்ஸ் ஸ்டாக்டேலும் இதையே சொன்னார்: இறுதியில் மீள்வேன் என்பதில் அவருக்கு ஐயம் இருந்ததில்லை, ஆனால் எப்போது என்று அவர் நாள் குறிக்கவில்லை.

கேள்வி: என் தந்தையின் நோய் குணமாகாது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். "எல்லாம் சரியாகிவிடும்" என்று அவரிடம் சொல்லலாமா?

பதில்: சொல்லாதீர்கள் என்பதே என் கருத்து. அவர் அதை நம்பாவிட்டால், தம் அச்சத்தைப் பகிர்ந்துகொள்ள வீட்டில் ஒருவரும் இல்லாதவராகிவிடுவார். அதற்காக அவரிடமிருந்து நம்பிக்கையைப் பறிக்க வேண்டும் என்று பொருளில்லை. நம்பும் பொருள் மாறலாம். வலியில்லாத ஓர் இரவு, பேத்தியைப் பார்ப்பது, நெடுநாள் மனத்தாங்கல் ஒன்றைத் தீர்ப்பது என அது சுருங்கினாலும், தரும் ஆறுதல் குறைவதில்லை. செவிலியர் ஆய்வாளர் கே ஹெர்த் 1992இல் வெளியிட்ட நம்பிக்கை அளவுகோலில் உள்ள 12 கூற்றுகளில் ஒன்றுகூட நோய் குணமாவதைப் பற்றியதல்ல. தனிமை உணர்வு, மகிழ்ந்த நாள்களின் நினைவு, அன்பைக் கொடுக்கவும் பெறவும் முடிதல், தம் வாழ்வுக்கு மதிப்புண்டு என்ற உணர்வு போன்றவற்றையே அது அளக்கிறது. இறைநம்பிக்கையும் அவற்றுள் ஒன்று. எனவே, "வரும் நாள்களில் உங்களுக்கு எது முக்கியம், அப்பா?" என்று கேட்டுவிட்டு, அவர் பேசி முடிக்கும்வரை காத்திருங்கள். வலி தணிப்புச் சிகிச்சைக்கும் இப்போதே ஏற்பாடு செய்யுங்கள்.

கேள்வி: நல்லதையே கற்பனை செய்துகொண்டிருந்தால் போதுமா?

பதில்: போதாது. உடல் எடையைக் குறைக்க முயன்ற பெண்களை ஆராய்ந்த உளவியலாளர் கேப்ரியேல் எட்டிங்கன், வெற்றி பெறுவோம் என்று எதிர்பார்த்தவர்களுக்கு எடை அதிகமாகக் குறைந்ததையும், இனிய பகற்கனவுகளில் திளைத்தவர்களுக்குக் குறைவாகவே குறைந்ததையும் 1991இல் காட்டினார்.

கேள்வி: எவ்வளவு முயன்றாலும் எனக்கு எதிலும் நம்பிக்கை பிறப்பதில்லை. நான் பலவீனமானவனா?

பதில்: இல்லை. நம்பிக்கையின்மை மனச்சோர்வு நோயின் அறிகுறியாக இருக்கலாம். மனநல மருத்துவர் ஏரன் பெக் 1974இல் நம்பிக்கையின்மையை அளக்கவே 20 கூற்றுகள் கொண்ட அளவுகோலை உருவாக்கினார். இந்நிலை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். உயிரை விடும் எண்ணம் எழுந்தால் இன்றே ஒருவரிடம் சொல்லி, அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். சிகிச்சை தொடங்குவதற்கு, குணமாவோம் என்ற நம்பிக்கை உங்களிடம் முன்கூட்டியே இருக்க வேண்டியதில்லை.