குவெர்செடின் கேப்சூலும் ஏம்ஸ் டெஸ்ட்டும்

கேள்வி: எனக்கு வயது 42. அலர்ஜித் தும்மலுக்காக ஆறு மாதமாக குவெர்செடின் என்ற தாவரச் சத்து 500 மி.கி. கேப்சூல் சாப்பிடுகிறேன். லேபில் சோதித்தபோது இது மரபணுவையே மாற்றியது என்கிறான் அண்ணன் மகன். அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்திருக்கிறது. நிறுத்திவிடவா டாக்டர்?

பதில்: அண்ணன் மகன் சொன்னது பொய்யில்லை, பாதிக் கதை. அவன் படித்தது ஏம்ஸ் டெஸ்ட் பற்றியதாக இருக்கும். டெல்லி எய்ம்ஸ் இல்லை, கலிஃபோர்னியாவில் புரூஸ் ஏம்ஸ் என்பவர் 1970களில் கொண்டுவந்த சோதனை இது. ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைத் தானே தயாரிக்க முடியாதபடி மரபணு கெட்டுப்போன சால்மொனெல்லா பாக்டீரியாவை, ஹிஸ்டிடின் பேருக்கு மட்டும் இருக்கிற தட்டில் பரப்பி, சோதிக்க வேண்டிய பொருளையும் சேர்த்து, 37 டிகிரியில் இரண்டு நாள் வைப்பார்கள். பட்டினியில் கிடப்பவற்றில் சிலதுக்கு மரபணு மறுபடி மாறி, பிழைத்து, தட்டில் புள்ளி புள்ளியாக முளைக்கும். சும்மா வைத்த தட்டிலும் கொஞ்சம் முளைக்கத்தான் செய்யும். பொருளின் அளவைக் கூட்டக் கூட்டப் புள்ளிகளும் பெருகினால் பாசிட்டிவ், அதாவது அந்தப் பொருள் பாக்டீரியாவின் மரபணுவை மாற்றுகிறது என்று அர்த்தம். குவெர்செடின் அந்தக் காலத்திலேயே பாசிட்டிவ்.

ஆனால் பாக்டீரியாவுக்குக் குடலும் கிடையாது, கல்லீரலும் கிடையாது. எலிக் கல்லீரல் சாறு சேர்த்தும் செய்து பார்ப்பார்கள், சரி, அது முழுக் கல்லீரலுக்கு ஈடாகாது. நாம் விழுங்கும் குவெர்செடினில் பெரும்பகுதி குடல் சுவரிலும் கல்லீரலிலும் உருமாறித்தான் ரத்தத்துக்கே வருகிறது. சின்ன வெங்காயம், முருங்கைக்கீரை வழியாக தினமும் உள்ளே போவதும் இந்தச் சத்துதான்.

அமெரிக்காவில் எலிகளுக்கு இரண்டு வருடம் தீவனத்தில் கலந்து கொடுத்துப் பார்த்து 1992இல் அறிக்கை வந்தது. தீவனத்தில் 4 சதவீதம் வரை கொடுத்ததில் ஆண் எலிகளின் சிறுநீரகத்தில் கட்டிகள், பெண் எலிகளில் அப்படி இல்லை. நீங்கள் சாப்பிடுவதோ நாள் முழுக்கச் சாப்பிடும் சாப்பாட்டோடு வெறும் அரை கிராம், அந்த 4 சதவீதத்துக்குப் பக்கத்தில்கூட வராது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பும் 1999இல் இதை மூன்றாம் பிரிவில், அதாவது மனிதர்களுக்குப் புற்றுநோய் தருமா என்று வகைப்படுத்த முடியாதவற்றில்தான் வைத்தது.

கேப்சூலை நிறுத்துங்கள் என்றுதான் நானும் சொல்வேன், ஆனால் மரபணுவுக்குப் பயந்து அல்ல. தும்மலுக்கு மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே இதைவிட நன்றாக நிரூபிக்கப்பட்டது, பிறகு எதற்கு இந்தச் செலவு?

அக்கா விஷயம் வேறு. அது பிறப்பிலேயே வரும் மரபணுக் கோளாறா என்பதை எந்த ஏம்ஸ் டெஸ்ட்டும் சொல்லாது. அக்கா அடுத்த செக்கப்புக்குப் போகும்போது கூடப் போய், அவருக்கு அந்தப் பிறவிக் கோளாறைப் பார்க்கும் பிஆர்சிஏ ரத்தப் பரிசோதனை செய்தார்களா என்று கேளுங்கள். அவருக்குக் கோளாறு இருந்தால்தான் பொதுவாக உங்களுக்கும் அதே சோதனை. எப்படியானாலும் மேமோகிராமைத் தள்ளிப்போட வேண்டாம்.