சார்ஜ் ஏறாத போனும் வெட்டி ஒட்டிய கேபிளும்: கேள்வி பதில்

கார் சார்ஜர் முதல் டைப்-சி வரை கேபிள் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன். கட்டரைக் கையில் எடுக்கும் முன் கடைசி வரை படித்துவிடுங்கள். சில கேபிள்களில் கை வைக்கவே கூடாது.

கேள்வி: சார், நான் டாக்ஸி ஓட்டுகிறேன். காரில் செருகும் சார்ஜரில் 2.1 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. ஆனால் போனில் ‘மெதுவாகச் சார்ஜ் ஆகிறது’ என்றுதான் வருகிறது. மேப் போட்டு ஓட்டினால் சார்ஜ் ஏறுவதற்குப் பதில் இறங்குகிறது. அதே கேபிள் வீட்டுச் சார்ஜரில் நன்றாக ஏற்றுகிறது. கார் சார்ஜர் டூப்ளிகேட்டா?

டூப்ளிகேட் என்று உடனே முடிவு கட்டவேண்டாம். 2.1 ஆம்பியர் என்பது அந்தச் சார்ஜரால் அதிகபட்சம் கொடுக்க முடிந்த அளவு. எவ்வளவு இழுப்பது என்று தீர்மானிப்பது உங்கள் போன். எதிரில் இருப்பது சார்ஜரா, கம்ப்யூட்டரா என்று தெரியாமல் அது அதிகம் இழுக்காது. யுஎஸ்பி 2.0 விதிப்படி கம்ப்யூட்டர் போர்ட்டிலிருந்து 500 மில்லியாம்பியருக்கு மேல் எடுக்கக் கூடாது. அதனால் சந்தேகம் வந்தால் போன் அந்த அளவோடு நின்றுவிடும்.

கேபிளுக்குள் நாலு ஒயர் இருக்கும். சிவப்பில் 5 வோல்ட், கறுப்பு கிரவுண்டு (கரண்ட் திரும்பிப் போகும் வழி), பச்சை டி பிளஸ், வெள்ளை டி மைனஸ். பச்சையும் வெள்ளையும் டேட்டாவுக்கு. சார்ஜர் என்றால் இந்த டேட்டா பின்கள் இரண்டும் உள்ளே ஒன்றோடொன்று ஷார்ட் ஆகியிருக்க வேண்டும் என்பது 2010-ல் வந்த ‘பேட்டரி சார்ஜிங் 1.2’ விதி. போன் டி பிளஸில் சுமார் 0.6 வோல்ட் வைத்துப் பார்க்கும். அதே வோல்ட் டி மைனஸ் வழியாகத் திரும்பி வந்தால் எதிரில் இருப்பது சார்ஜர் என்று தெரிந்துகொண்டு 1.5 ஆம்பியர் வரை இழுக்கும்.

மலிவான கார் சார்ஜர்கள் பலவற்றில் இந்த நடு பின்கள் எதிலும் இணைக்கப்படாமல் சும்மா விடப்பட்டிருக்கும். போன் அனுப்பும் 0.6 வோல்ட் திரும்பி வராது. உங்கள் பிரச்சினை பெரும்பாலும் இதுதான். டேட்டா ஒயர்களைக் கேபிளிலேயே ஷார்ட் செய்துவிட்டால் சரியாகும். எப்படி என்று அடுத்த கேள்வியில் சொல்கிறேன். உங்கள் போனில் இருப்பது டைப்-சி போர்ட் என்றால், கேபிளை விட்டுவிட்டு அடுத்த கேள்வியில் வரும் எக்ஸ்டென்ஷன் வழிக்குப் போங்கள்.

கேள்வி: அண்ணா, பாலிடெக்னிக்கில் படிக்கிறேன். சால்டரிங் தெரியும். டேட்டா ஒயரை எந்தப் பக்கம் ஷார்ட் செய்யவேண்டும்? இரண்டு பக்கமுமா?

நல்ல கேள்வி தம்பி, பலர் கோட்டை விடும் இடம் இது. போன் பக்கம் மட்டும். சார்ஜர் பக்கத்து முனைகள் எதையும் தொடாமல் தனித்தனியாக இருக்கவேண்டும். வெட்டாமல் அப்படியே ஷார்ட் செய்தால் சார்ஜர் பக்கமும் சேர்ந்து ஷார்ட் ஆகும். சில சார்ஜர்கள் அந்தப் பின்களில் தாங்களாகவே குறிப்பிட்ட வோல்ட் வைத்திருக்கும். அது குழம்பிப்போகும்.

நல்ல கேபிளை வெட்டுவதைவிட, ஓர் அடி நீளமுள்ள சின்ன யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் ஒயர் வாங்கி அதில் செய். ஒரு பக்கம் ஆண் பின், மறுபக்கம் பெண் சாக்கெட் இருக்கும். சார்ஜருக்கும் கேபிளுக்கும் நடுவே போட்டால் எந்தக் கேபிளையும் மாட்டிக்கொள்ளலாம். வேலை கெட்டாலும் போவது அந்தச் சின்ன ஒயர்தான்.

நடுவில் ஒன்றரை அங்குலத்துக்கு மேல்தோலை நீளவாக்கில் மெதுவாகக் கீறு. உள்ளே வெள்ளிக் காகிதமும் மெல்லிய கம்பி வலையும் இருந்தால் ஒதுக்கி வை, வெட்டாதே. சிவப்பு, கறுப்பு இரண்டையும் தொடாதே. பச்சையையும் வெள்ளையையும் மட்டும் வெட்டு. பெண் சாக்கெட் பக்கம் போகும் பச்சை, வெள்ளை முனைகளைச் சீவி, முறுக்கி, சால்டர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் (சூடு காட்டினால் சுருங்கி இறுகப் பிடிக்கும் ட்யூப்) போட்டு மூடு. ஆண் பின் பக்கத்து முனைகள் இரண்டையும் தனித்தனியே மூடு. அந்தக் கம்பி வலையின் ஒரு இழை நீட்டிக்கொண்டு சிவப்பில் பட்டால் போதும், சார்ஜர் போய்விடும். அதனால் கடைசியாக மேலே இன்னொரு ட்யூப் போட்டு எல்லாவற்றையும் சேர்த்து மூடு.

நிறத்தை மட்டும் நம்பாதே. மலிவு ஒயர்களில் நிறங்கள் மாறியிருக்கும். ஆண் பின்னுக்குள் பார்த்தால் ஓரத்துப் பட்டைகள் இரண்டும் நடுவில் இருப்பவற்றைவிடக் கொஞ்சம் நீளமாக இருக்கும். ஓரத்தவை பவர், நடுவில் உள்ளவை டேட்டா. மல்டிமீட்டரைப் பீப் அடிக்கும் இடத்தில் வைத்து எந்த ஒயர் எந்தப் பட்டைக்குப் போகிறது என்று பார்த்துவிட்டு வெட்டு. முடித்த பிறகு ஓரத்துப் பட்டைகளுக்கு இடையே பீப் வரக் கூடாது. வந்தால் எதிலும் செருகாதே.

கேள்வி: செய்து பார்த்தேன், முன்பு போலவே மெதுவாகத்தான் ஏறுகிறது. போனில் அப்போது 88 சதவீதம் இருந்தது.

அந்த நிலையில் எந்தச் சார்ஜரில் போட்டாலும் மெதுவாகத்தான் ஏறும். லித்தியம் பேட்டரி நிறையும் நேரத்தில் போன் தானே கரண்டைக் குறைத்துக்கொள்ளும். 50 சதவீதத்துக்குக் கீழே இறங்கியபின் பாருங்கள். நடுவில் மாட்டும் யுஎஸ்பி மீட்டர் ஒன்று வைத்துக்கொண்டால் வோல்ட், ஆம்பியர் இரண்டும் கண் முன்னே தெரியும். போன் திரையில் வரும் வாசகத்தைவிட அந்த எண்ணை நம்புங்கள்.

கேள்வி: இப்படிச் செய்த கேபிளை லேப்டாப்பில் செருகினால் அங்கேயும் வேகமாக ஏறுமா?

செருகாதீர்கள். போனிடம் ‘பின்னால் இருப்பது சார்ஜர்’ என்று சொல்லும் கேபிள் அது. லேப்டாப்பில் செருகினால் அந்தச் சொல் பொய்யாகிவிடும். யுஎஸ்பி 2.0 போர்ட் 500, 3.0 போர்ட் 900 மில்லியாம்பியர் கொடுக்கத்தான் கடமைப்பட்டது. போன் 1.5 ஆம்பியர் கேட்டு இழுக்கும். நல்ல லேப்டாப் என்றால் போர்ட்டை அணைத்துத் தன்னைக் காத்துக்கொள்ளும். பாதுகாப்பு சரியில்லாத பழைய கம்ப்யூட்டரில் வோல்ட் தொய்ந்து, பக்கத்தில் செருகியிருக்கும் பென் டிரைவ் பாதி எழுதும்போது துண்டிக்கப்படலாம், போர்ட்டே சூடாகலாம். வெட்டிய கேபிளில் ‘சார்ஜர் மட்டும்’ என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். வீட்டில் மற்றவர்களும் அதை எடுப்பார்கள்.

கேள்வி: பழைய ஐபேட் ஒன்று இருக்கிறது. ஷார்ட் செய்த கேபிளிலும் ஒழுங்காக ஏறவில்லை.

பழைய ஆப்பிள் சாதனங்கள் வேறு முறையில் பார்க்கும். டேட்டா பின்கள் இரண்டிலும் என்ன வோல்ட் இருக்கிறது என்று அளக்கும். டி பிளஸில் 2.0, டி மைனஸில் 2.7 என்றால் 1 ஆம்பியர் சார்ஜர். மாறி, டி பிளஸில் 2.7, டி மைனஸில் 2.0 இருந்தால் ஐபேடுக்கான 2.1 ஆம்பியர் சார்ஜர். இந்த வோல்ட்டை ரெசிஸ்டர் வைத்து உண்டாக்கலாம். 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே, மேலே 75 கிலோ ஓம், கீழே 49.9 கிலோ ஓம் போட்டால் நடுவில் 2.0 வரும். மேலே 43.2, கீழே 49.9 போட்டால் 2.7 வரும். வெட்டிய டேட்டா ஒயர்களின் ஐபேட் பக்கத்து முனைகளில் ஒவ்வொன்றுக்கும் இதைக் கொடுக்கவேண்டும். சார்ஜர் உண்மையிலேயே 2.1 ஆம்பியர் கொடுக்குமா என்று மீட்டரில் பார்த்த பிறகு செய்யுங்கள். உண்மையைச் சொன்னால், இந்த ரெசிஸ்டரை ஒயருக்குள் திணித்துச் சிரமப்படுவதைவிட ஐபேடுக்கு ஏற்ற சார்ஜர் ஒன்று வாங்குவது நல்லது.

கேள்வி: கட்டிலில் படுத்துக்கொண்டு பார்க்க வசதியாக 3 மீட்டர் கேபிள் வாங்கினேன். டேப்லட்டில் படம் பார்த்தால் சதவீதம் நகரவே இல்லை. டேட்டா ஒயரை ஷார்ட் செய்யட்டுமா?

இதற்கும் டேட்டா ஒயருக்கும் சம்பந்தம் இல்லை. ஒயர் மெலிசு, அதுதான் காரணம். கேபிளின் மேல்தோலை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பொடி எழுத்தில் ‘28ஏடபிள்யூஜி/1பி 24ஏடபிள்யூஜி/2சி’ என்பதுபோல ஏதாவது அச்சாகியிருக்கும். ஏடபிள்யூஜி என்பது ஒயரின் தடிமனைக் குறிக்கும் எண். முதலில் இருப்பது டேட்டா ஜோடி, அடுத்தது பவர் ஒயர்கள் இரண்டு. எண் குறையக் குறைய ஒயர் தடிமன் கூடும். பவருக்கும் 28 என்று போட்டிருந்தால் அது நீளக் கேபிளுக்கு ஆகாது.

கணக்கைப் பாருங்கள். 28-ஆம் எண் செம்பு ஒயருக்கு மீட்டருக்கு சுமார் 0.21 ஓம். 3 மீட்டர் போய், கறுப்பு வழியாக 3 மீட்டர் திரும்பவேண்டும். மொத்தம் கிட்டத்தட்ட 1.3 ஓம். 1 ஆம்பியர் ஓடினால் 1.3 வோல்ட் ஒயரிலேயே போய்விடும், டேப்லட்டுக்கு 3.7 மிஞ்சும். நிரம்பும்போது 4.2 வோல்ட்டோ அதற்கு மேலோ போகும் பேட்டரியை 3.7-ஐ வைத்து நிரப்ப முடியாது. அதனால் உள்ளே வரும் வோல்ட் 4.5 பக்கம் இறங்கியதுமே பல சாதனங்கள் கரண்டைக் குறைத்துவிடும். உங்கள் கேபிளில் 0.4 ஆம்பியர் அளவில் நின்றுவிடுகிறது. படம் ஓடவே அது சரியாகப் போகிறது.

பவர் ஒயர் 24 என்றால் அதே நீளத்துக்கு 0.5 ஓம்தான், 1 ஆம்பியர் வந்து சேரும். 20 என்றால் 0.2 ஓம், 2 ஆம்பியரும் வரும். மொத்தமும் செம்பாக இருக்கவேண்டும். செம்பு பூசிய அலுமினிய ஒயரும் விற்கிறார்கள், அதில் இந்தக் கணக்கு செல்லாது.

நான் சொல்வது, 5 வோல்ட்டை நீட்டாதீர்கள், 230 வோல்ட்டை நீட்டுங்கள். நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் கட்டில் பக்கம் கொண்டுவந்து, 1 மீட்டர் கேபிளில் சார்ஜ் போடுங்கள்.

கேள்வி: டைப்-சி கேபிளையும் இதேபோல வெட்டிச் செய்யலாமா?

வேண்டாம். அதில் விஷயமே வேறு. டைப்-சி-யில் சிசி என்று தனிப் பின் உண்டு. ஒரு முனை பழைய ஏ பின், மறுமுனை சி என்றிருக்கும் கேபிளில், சி பின்னுக்குள் 56 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று இருக்கவேண்டும். ‘எதிரில் சாதாரண யுஎஸ்பி இருக்கிறது’ என்பது அதன் பொருள். 22 கிலோ ஓம் என்றால் 1.5 ஆம்பியர், 10 கிலோ ஓம் என்றால் 3 ஆம்பியர் எடுக்கலாம் என்று பொருள். கேபிளில் 10-ஐ வைத்துவிட்டால், பின்னால் இருப்பது லேப்டாப் போர்ட்டாக இருந்தாலும் போன் 3 ஆம்பியர் கேட்கும்.

கம்பெனிகளே இந்தத் தப்பைச் செய்தன. கூகுள் பொறியாளர் பென்சன் லியூங் 2015 முதல் இணையத்தில் விற்ற டைப்-சி கேபிள்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சோதித்தார். பலவற்றில் தவறான ரெசிஸ்டர். 2016 பிப்ரவரியில் ஒரு கேபிளில் பவரும் கிரவுண்டுமே இடம் மாறியிருந்து, அவருடைய க்ரோம்புக் பிக்ஸல் லேப்டாப் பழுதானது. அதற்கடுத்த மாதம் விதிக்குப் பொருந்தாத டைப்-சி கேபிள்களை அமேசான் தடை செய்தது. தெருவோரத்தில் கிடைக்கும் பெயரில்லாத சி கேபிளை வாங்கவேண்டாம் என்று நான் விடாமல் சொல்வதற்கு இதுதான் காரணம். வெளியிலிருந்து பார்த்தால் அந்த ரெசிஸ்டர் தெரியாது.

கேள்வி: என் ப்ளூடூத் ஸ்பீக்கரில் சி போர்ட்தான். பழைய கேபிளில் சார்ஜ் ஏறுகிறது. இரண்டு பக்கமும் சி உள்ள கேபிளில் லைட்டே எரியவில்லை. கேபிள் கோளாறா?

ஸ்பீக்கரில் கோளாறு. சி போர்ட் உள்ள சார்ஜர், எதிரில் சாதனம் இருக்கிறது என்று உறுதியாகும் வரை 5 வோல்ட்டைத் திறக்காது. சாதனத்தின் சிசி பின்கள் இரண்டிலும் ஆளுக்கொரு 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் கிரவுண்டுக்குப் போகவேண்டும். மலிவுச் சாதனங்களில் அதை மிச்சம் பிடித்துவிடுகிறார்கள். 2019-ல் வந்த ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கம்ப்யூட்டர் போர்டின் முதல் பதிப்பிலேயே இரண்டுக்கும் சேர்த்து ஒரே ரெசிஸ்டர் வைத்ததால் சில கேபிள்களில் அது பவர் எடுக்கவில்லை. ஏ பின் போர்ட்டில் 5 வோல்ட் எப்போதும் இருக்கும், அதனால்தான் பழைய கேபிள் வேலை செய்கிறது. அதையே வைத்துக்கொள்ளுங்கள், பழுது ஒன்றும் ஆகாது.

கேள்வி: டேட்டா ஒயரை வெட்டியபின் ஃபாஸ்ட் சார்ஜிங் போய்விட்டது.

போகத்தான் செய்யும். குவிக் சார்ஜ் என்ற ஃபாஸ்ட் சார்ஜிங் முறையில் போன் டேட்டா பின்கள் வழியாகத்தான் 9 வோல்ட் கேட்கும். அந்த ஒயர் இல்லாவிட்டால் 5 வோல்ட்டோடு சரி. ஃபாஸ்ட் சார்ஜர் உள்ளவர்கள் கேபிளை அப்படியே விட்டுவிடுங்கள். வெட்டுவதால் பயன் டேட்டா பின் சும்மா விடப்பட்ட 5 வோல்ட் சார்ஜர்களுக்கு மட்டும்தான்.

கேள்வி: ரயில் நிலையத்தில், பஸ்ஸில் இருக்கும் யுஎஸ்பி போர்ட்டில் போட்டால் போனிலிருந்து தகவலைத் திருடுவார்கள் என்கிறார்களே. என் மகளும் அடிக்கடி பயணம் செய்கிறாள்.

முடியாத காரியம் இல்லை அம்மா. 2011-லேயே அமெரிக்காவில் டெஃப்கான் என்ற ஹேக்கர்கள் மாநாட்டில் இப்படி ஒரு சார்ஜிங் மேடை வைத்துக் காட்டினார்கள். இப்போதைய போன்கள் கேட்காமல் தகவலைக் கொடுப்பதில்லை. ‘இந்தச் சாதனத்தை நம்பலாமா’, ‘ஃபைல்களை அனுமதிக்கலாமா’ என்று திரையில் வந்தால் வேண்டாம் என்று அழுத்தச் சொல்லுங்கள். மேலே சொன்ன வெட்டிய எக்ஸ்டென்ஷன் இங்கே நன்றாக உதவும். டேட்டா ஒயரே இல்லாததால் தகவல் போக வழியில்லை. ஆனால் அந்தப் போர்ட் எவ்வளவு கரண்ட் தாங்கும் என்று நமக்குத் தெரியாது. அதனால் மகளுக்குச் செய்யும்போது ஷார்ட் செய்யாமல், வெட்டிய பச்சை, வெள்ளை ஒயர்களின் நாலு முனைகளையும் தனித்தனியே மூடிவிடச் சொல்லுங்கள். மெதுவாக ஏறும், பத்திரமாக இருக்கும். சுவர் பிளக் பாயின்ட் இருக்கும் இடத்தில் சொந்தச் சார்ஜரே போதும்.

கேள்வி: பின் ஓரத்தில் ஒயர் நைந்து செம்பு தெரிகிறது. டேப் சுற்றிப் பயன்படுத்தலாமா?

கூடாது. நைந்த இடத்தில் இழைகள் சில அறுந்திருக்கும், மிச்ச இழைகள் சூடாகும். அந்த முனையை வெட்டிப் போட்டுவிட்டு, வேறொரு பழைய கேபிளின் நல்ல முனையை நிறம் பார்க்காமல் மீட்டர் வைத்துப் பார்த்து இணைக்கத் தெரிந்தால் செய்யுங்கள். அப்படி இணைத்ததைத் தலையணைக்கு அடியிலோ, இரவு முழுக்கவோ போட்டு வைக்காதீர்கள். இணைக்கத் தெரியாதவர்கள் புதிதாக வாங்கிவிடுங்கள், 1 மீட்டருக்கு மேல் வேண்டாம்.