கடை மூடியதைக் கல்லூரிக்குச் சொல்லலாமா?

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். புறக்கோட்டையில் பத்தொன்பது வருடம் நடத்திய துணிக்கடை, பெப்ரவரியில் கணவரைச் சாய்த்த பாரிசவாதம், மார்ச் கடைசியில் அமெரிக்கக் கல்லூரி ஒன்றிலிருந்து மகளுக்கு வந்த அனுமதிக் கடிதம் எல்லாம் இரண்டு மாதத்துக்குள் ஒரே வீட்டில் நடந்துவிட்டன. அந்தச் செய்தி வந்த அன்று வீட்டில் யாருக்கும் சந்தோஷப்பட முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியில்தான் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

கல்லூரி பெரும் உதவித்தொகை தந்து, வருடத்துக்கு 9,000 டொலர் மட்டும் பெற்றோர் பங்கு என்று சொல்லியிருக்கிறது. கடை ஓடிய காலத்தில் அது உங்களால் இயன்ற தொகை. இன்று இயலாது. "வருமானம் நின்றுவிட்டது என்று இப்போது எழுதினால் கொடுத்த இடத்தையும் எடுத்துவிடுவார்களா?" என்று கேட்கிறீர்கள்.

அனுமதி கொடுத்தபின், உதவித்தொகையை மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்டதற்காக இடத்தைப் பறிப்பது வழக்கம் அன்று. அவர்கள் "முடியாது" என்று சொல்லலாம். அப்படிச் சொன்னாலும் உங்கள் நிலை இன்று இருப்பதைவிட மோசமாகிவிடாது. சொல்லாமல் விட்டால்தான் ஆபத்து. பல வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு மாணவனின் தந்தை, தொழில் முறிந்ததை உறவினருக்குத் தெரியக்கூடாது என்று கல்லூரிக்கும் மறைத்தார். ஓகஸ்ட் மாதம், விசாவுக்குப் பணம் காட்டவேண்டிய நேரத்தில்தான் உண்மை வெளிவந்தது. அதற்குள் அந்த வருடத்துக்கான பணத்தைக் கல்லூரி மற்றப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டுவிட்டது. ஏப்ரலில் எழுதியிருந்தால் குறைந்தபட்சம் ஒரு பதிலாவது வந்திருக்கும்.

அந்த 9,000 எப்படி வந்தது என்பதை முதலில் விளங்கிக்கொள்ளுங்கள். குடும்பத்தின் வருமானத்தையும் சொத்தையும் கல்லூரிக்குக் காட்ட நீங்கள் நிரப்பிய சிஎஸ்எஸ் புரொஃபைல் படிவம் பெரும்பாலும் இரண்டு வருடத்துக்கு முந்திய வருமானத்தை வைத்தே கணக்கிடுகிறது. அதாவது கல்லூரி பார்த்தது நல்ல காலத்துக் கடையை. பெப்ரவரியில் நடந்தது அந்தப் படிவத்தில் எங்கும் இல்லை, இருக்கவும் முடியாது. ஆகவே நீங்கள் யாரையும் ஏமாற்றவில்லை, இப்போது யாரிடமும் பிச்சை கேட்கவுமில்லை. பழைய கணக்குக்குப் புதிய விவரம் கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான். ஒவ்வொரு நிதியுதவி அலுவலகத்துக்கும் இத்தகைய மறுபரிசீலனைக் கோரிக்கைகள் பழக்கமானவை.

ஒரு வேறுபாடு உண்டு. அமெரிக்கக் குடிமக்களுக்கு அந்நாட்டு அரசின் உதவி இருக்கிறது. குடும்ப நிலை மாறினால் கணக்கைத் திருத்தும் அதிகாரத்தைச் சட்டமே கல்லூரி அலுவலருக்குக் கொடுத்திருக்கிறது. வெளிநாட்டு மாணவருக்கு அந்த அரச உதவி கிடையாது. உங்கள் மகளுக்குக் கிடைப்பது முழுக்க அந்தக் கல்லூரியின் சொந்தப் பணம், ஆகவே அந்தக் கல்லூரியின் சொந்த விதி. சில கல்லூரிகள் வெளிநாட்டு மாணவருக்கு முதலில் சொன்ன தொகையை நான்கு வருடமும் மாற்றுவதில்லை. ஆதலால் இன்றே மகள் இரண்டு வரியில் ஒரு மின்னஞ்சல் அனுப்பட்டும்: வெளிநாட்டு மாணவரின் குடும்ப நிலை மாறினால் மறுபரிசீலனை செய்வீர்களா, அதற்கு என்ன படிவம், மே 1 ஆம் திகதிக்கு முன் பதில் கிடைக்குமா? மே 1 பெரும்பாலான கல்லூரிகளில் இடத்தை உறுதிசெய்யும் கடைசி நாள். பதில் அதற்குள் வராவிட்டால் அந்த நாளைக் கொஞ்சம் நீட்டித் தரும்படியும் எழுதிக் கேட்கலாம்.

கடிதத்தை மகளே எழுதவேண்டும், நீங்கள் உறுதிப்படுத்திக் கையெழுத்து வைக்கலாம். ஒரு பக்கம் போதும். சோகத்தை விவரிக்கவேண்டாம், திகதியும் தொகையும் பேசட்டும். எந்த நாளில் நோய் வந்தது, எந்த நாளில் கடை மூடியது, முன்பு மாதம் எவ்வளவு வந்தது, இப்போது எவ்வளவு வருகிறது, மருந்துக்கும் பிசியோதெரபிக்கும் மாதம் எவ்வளவு போகிறது. இதில் எது நிரந்தரம், எது ஆறு மாதத்தில் மாறக்கூடியது என்பதையும் நேர்மையாகச் சொல்லுங்கள். கடைசியில், உங்களால் கட்டக்கூடியது எவ்வளவு என்று ஒரு தொகையை எழுதுங்கள். "எவ்வளவு முடியுமோ தாருங்கள்" என்று எழுதினால் அலுவலரின் கையில் பிடிக்க ஒன்றுமில்லை.

ஆவணங்களில்தான் நம்மவர்கள் தடுமாறுவது. வைத்தியசாலை கொடுத்த டயக்னோசிஸ் அட்டை, கடை வாடகை ஒப்பந்தம் முடிந்ததற்கான கடிதம், கடந்த ஆறு மாத வங்கிக் கூற்று, கிராம உத்தியோகத்தரிடம் பெற்றுப் பிரதேச செயலாளர் ஒப்பமிட்ட வருமானச் சான்றிதழ். சிங்களத்திலோ தமிழிலோ இருப்பவற்றைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் எடுங்கள். நம் வரி ஆண்டு ஏப்ரல் 1 இல் தொடங்கி மார்ச் 31 இல் முடிகிறது என்பதைக் கட்டாயம் ஒரு வரியில் விளக்குங்கள். அங்கே ஜனவரி முதல் டிசம்பர். இந்த வித்தியாசம் தெரியாமல் உங்கள் இரண்டு காகிதங்களில் இரண்டு தொகையைப் பார்த்தால், முரண் இருப்பதாக நினைத்துவிடுவார்கள். ரூபாயை டொலராக மாற்றும்போது எந்தத் திகதியின் மாற்று விகிதம் என்பதையும் எழுதுங்கள். 2022 இல் டொலர் சில வாரங்களிலேயே ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 ஐத் தொட்டபோது, விகிதத்தைக் குறிப்பிடாமல் அனுப்பிய பிள்ளைகளின் கணக்கு அங்கே ஒருவருக்கும் விளங்கவில்லை.

வீட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வெள்ளவத்தையில் ஆறு பேர்ச் காணியின் இன்றைய விலையை டொலரில் எழுதினால் பார்ப்பவருக்கு நீங்கள் செல்வந்தர்தான். மறைக்கவேண்டாம். ஆனால் அது நீங்கள் குடியிருக்கும் ஒரே வீடு என்பதையும், அதன்மேல் கடன் இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். நகை அடகு வைத்திருந்தால் அடகுச் சீட்டின் பிரதியை இணையுங்கள். அடகுப் பணம் கடனேயன்றி வருமானம் அன்று. வங்கிக் கூற்றில் திடீரென்று வரவாகத் தெரியும் தொகை சீட்டு எடுத்த பணமாக இருந்தால் அதையும் சொல்லுங்கள், சீட்டு முறை என்னவென்று இரண்டு வரியில் விளக்கலாம். கனடாவில் இருக்கும் தம்பி மாதாமாதம் அனுப்புவது உதவிதான், ஆனாலும் ஒழுங்காக வருவதால் குறிப்பிடத்தான் வேண்டும். ஒன்றை மறைத்து அது பிறகு தெரியவந்தால், உண்மையாய்ச் சொன்ன மற்ற ஒன்பதையும் நம்பமாட்டார்கள்.

பணம் போதாமலே "எப்படியும் சமாளிப்போம்" என்று இடத்தை உறுதிசெய்யாதீர்கள், அம்மா. மாணவர் விசாவுக்கு வேண்டிய ஐ-20 பத்திரத்தைக் கல்லூரி தருவதற்கு, முதல் வருடச் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்டவேண்டும். அங்கே போனபின் வேலை செய்து மிச்சத்தைக் கட்டலாம் என்ற பேச்சும் உங்கள் காதில் விழும். தவணைக் காலத்தில் கல்லூரி வளாகத்துக்குள் வாரம் இருபது மணிநேரம்வரைதான் அனுமதி. அது கைச்செலவுக்கும் புத்தகத்துக்கும் உதவும், 9,000 டொலரை அடைக்காது. உதவித்தொகையைக் கூட்டித் தருகிறோம் என்று கட்டணம் கேட்கும் முகவர்களுக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் கொழும்பு 3 இல் உள்ள ஃபுல்பிரைட் ஆணைக்குழுவில், அமெரிக்கப் படிப்புப் பற்றி வழிகாட்டும் எடியுகேஷன் யூஎஸ்ஏ ஆலோசனைப் பிரிவு இருக்கிறது, அங்கே கேளுங்கள்.

இங்குள்ள வழியை மூடிவிடாதீர்கள் என்பதையும் வலியுறுத்திச் சொல்கிறேன். உயர்தரப் பெறுபேறு வந்ததும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு விண்ணப்பிக்கும் காலம் சில வாரங்கள்தான். அமெரிக்காவிலிருந்து பதில் வரட்டும் என்று அதைத் தவறவிட்டுப் பிறகு அழுத குடும்பங்களை எனக்குத் தெரியும். அரச பல்கலைக்கழகத்தில் கல்விக் கட்டணம் இல்லை. 1981 இல் அன்றைய அமைச்சர் லலித் அத்துலத்முதலியின் முயற்சியால் சட்டமாகிய மகாபொல புலமைப்பரிசில் இருக்கிறது. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அது மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆகவும், பேர்சரி உதவி 4,000 இலிருந்து 6,500 ஆகவும் உயர்த்தப்பட்டது. சிறிய தொகைதான், விடுதியில் தங்கும் பிள்ளைக்கு அரைமாதச் சாப்பாடு. உங்கள் மகள் வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வரலாம் என்பதால் கொஞ்சம் இலகு. விண்ணப்பத்தில் வருமானத்தை எழுதும்போது கடையின் பழைய தொகையைப் பழக்கத்தில் எழுதிவிடாதீர்கள். இன்றைய நிலையைக் காட்டும் அதே கிராம உத்தியோகத்தர் சான்றிதழ் இங்கும் உதவும், ஆகவே இரண்டு பிரதி எடுங்கள். பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபின் நிலை இன்னும் மாறினால் மாணவர் நலன்புரிப் பிரிவில் சொல்லலாம். வெட்டுப்புள்ளி தவறினால், மூன்று பாடங்களிலும் சித்தியடைந்த பிள்ளைகளுக்கு அங்கீகரிக்கப்பட்ட தனியார் பட்டக்கற்கைகளில் அரசின் வட்டியில்லாக் கடன் திட்டம் உண்டு. நாவலையில் திறந்த பல்கலைக்கழகமும் இருக்கிறது. அவற்றைப் பற்றி அப்போது பேசுவோம்.

உங்கள் கணவர் இதை எழுதச் சம்மதிக்கவில்லை என்றும் சொன்னீர்கள். பத்தொன்பது வருடம் யாரிடமும் கை நீட்டாதவருக்கு இது எவ்வளவு கனமென்று எனக்கு விளங்குகிறது. மகள் எழுதிய கடிதத்தை அவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். அதில் அவருடைய கடையின் பெயரும், அவர் அதைத் தொடங்கிய வருடமும், அந்த உழைப்பில் மகள் படித்ததும் முதல் பந்தியில் வரட்டும். வலது கை இன்னும் இயங்காததால் அவரால் கையெழுத்து இட முடியாவிட்டால், அவர் சார்பில் நீங்கள் இட்டு, காரணத்தைக் கீழே ஒரு வரியில் எழுதுங்கள். வரைவு தயாரானதும் அனுப்புவதற்குமுன் எனக்குக் காட்டுங்கள், அன்றே பார்த்துத் தருகிறேன்.