மனம் தேறிவிட்டது, மறதி போகவில்லை

கேள்வி: எனக்கு 41 வயது. ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். மனச்சோர்வுக்கு ஒன்றரை வருடமாக மாத்திரை சாப்பிடுகிறேன். அழுகை நின்றுவிட்டது, தூக்கமும் பரவாயில்லை. ஆனால் பில்லைப் பார்த்துவிட்டு லெட்ஜர் பக்கம் திரும்புவதற்குள் தொகை மறந்துபோகிறது. “அதான் சரியாயிடுச்சே, இன்னும் என்ன?” என்கிறார் கணவர். லீவு போட்டு அலைய முடியாது. ஆன்லைனில் உதவி கிடைக்குமா?
- வாசகி, ஈரோடு

பதில்: இது அக்கறைக் குறைவு இல்லை, சகோதரி. டைபாய்டு காய்ச்சல் விட்ட பிறகும் கால் தள்ளாடுமே, அதுபோலத்தான். துக்கம் விலகிய பிறகும் கவனம், நினைவு, யோசிக்கும் வேகம் எல்லாம் பலருக்கு மெதுவாகத்தான் திரும்புகின்றன. கணவரிடம் இந்தப் பத்தியைக் காட்டுங்கள்.

முதலில் உங்கள் டாக்டரிடம் லெட்ஜர் விஷயத்தை அப்படியே சொல்லுங்கள். “எப்படி இருக்கீங்க?” என்று அவர் கேட்டால் “பரவாயில்லை” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுகிறோம். தைராய்டு கோளாறு, வைட்டமின் பி12 குறைபாடு, ரத்தசோகை இருந்தாலும் மறதி வரும், பரிசோதித்துவிடலாம். அமிட்ரிப்டிலின் போன்ற சில மனச்சோர்வு மாத்திரைகளாலும் மந்தம் வரும். மாற்றலாமா என்று கேளுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

ஆன்லைன் உதவி உண்டு. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசிச் சேவையின் எண் 14416. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். வாழவே வேண்டாம் என்ற நினைப்பு எட்டிப் பார்த்தால் நள்ளிரவானாலும் தயங்காமல் அழையுங்கள்.

நான் ஒரு மனநல ஆலோசகர். சனிக்கிழமை மாலைகளில் உங்களைப் போன்ற ஏழு பேரோடு வீடியோவில் உட்காருகிறேன். நாற்பதே நிமிடம்தான். அதற்கு மேல் யாருக்கும் கவனம் நிற்பதில்லை. பேச்சின் நடுவில் வார்த்தை மறந்துபோனால் மற்றவர்கள் பொறுமையாகக் காத்திருப்பார்கள். அந்த நிம்மதி வீட்டில்கூடக் கிடைப்பதில்லை என்று அழுதவர்கள் உண்டு. அதில் ஒரு கணித ஆசிரியை. விடைத்தாளில் மதிப்பெண் கூட்டும்போது அவருக்குப் பாதியில் எண் நழுவிவிடும். ஒருநாள் ஒரு தாளை கேமரா முன் தூக்கிக் காட்டினார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அந்தப் பக்கத்துக் கூட்டல் பென்சிலில், சின்னதாக.

நீங்களும் அப்படிச் செய்யலாம். பில்லில் அந்த வரிக்குக் கீழே ஸ்கேலை வையுங்கள். தொகையை வாய்விட்டுச் சொல்லுங்கள், துண்டுச்சீட்டில் எழுதுங்கள், அப்புறம் லெட்ஜர் பக்கம் திரும்புங்கள். சிக்கலான கணக்கைக் கூட்டமில்லாத காலையிலேயே முடித்துவிடுங்கள்.

மூளைக்குப் பயிற்சி என்று விற்கும் செயலிகளுக்குப் பணம் கட்டாதீர்கள். அந்த விளையாட்டில் நீங்கள் தேறலாம், கடைக் கணக்கிலும் தேறுவீர்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதைவிட, வீடியோவில் பார்க்கும் ஒரு மனநல உளவியலாளரிடம் உங்கள் வேலையையே வைத்துப் பயிற்சி தரச் சொல்லிக் கேளுங்கள்.

டாக்டரைப் பார்த்துவிட்டு, அவர் என்ன சொன்னார் என்று எனக்கு மறுபடியும் எழுதுங்கள்.