பழைய 45-70 துப்பாக்கிக்குத் தோட்டா நிரப்புகிறவர்கள் ஏன் இன்னும் கருமருந்து என்னும் பழைய வெடிமருந்தை விடுவதில்லை?

ஏக்கம் மட்டும் காரணமில்லை. பெயரிலேயே பாதி விடை இருக்கிறது: 45 என்பது 0.45 அங்குலக் குழல், 70 என்பது 70 கிரெய்ன் கருமருந்து, அதாவது சுமார் நாலரை கிராம். அமெரிக்க ராணுவம் 1873-இல் ஸ்பிரிங்ஃபீல்டு ‘ட்ராப்டோர்’ துப்பாக்கியோடு எடுத்துக்கொண்ட தோட்டா இது. ஒரு முறைக்கு ஒரே தோட்டாதான் போடலாம்.

கரி, கந்தகம், வெடியுப்பு கலந்த கருமருந்து இடத்தை அடைக்கும் சரக்கு. தோட்டாவின் உலோகக் கூடு நிறைய அதுதான் இருக்கும். கவனம் சிதறி இன்னொரு தடவை கொட்டினால் வழிந்து கண்ணில் பட்டுவிடும். இக்காலப் புகையற்ற வெடிமருந்தோ கொஞ்சமே போதும். கூட்டில் பெரும்பகுதி காலியாகக் கிடக்கும். இரண்டு மடங்கு விழுந்தாலும் வெளியே தெரியாது, சுடும்போதுதான் அழுத்தம் எகிறும். ட்ராப்டோரில் தோட்டா போடத் திறக்கும் கீல் மூடி அந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டதே அல்ல. அதே தோட்டாவைச் சுடும் ரூகர் நம்பர் 1 போன்ற இக்காலத் துப்பாக்கி தாங்குவதை இது தாங்காது. அதனால்தான் தோட்டா நிரப்பும் கையேடுகளில் இரண்டுக்கும் தனித்தனி அட்டவணை.

சரி, தொல்லை இல்லையா? இருக்கிறது. கருமருந்து எரிந்ததில் பாதிக்குமேல் கசடாகவே மிஞ்சும். அதை இளக்க ஈயக் குண்டில் தேன்மெழுகுக் கொழுப்பு பூசுவார்கள். சிலர் சுட்டுச் சுட்டு, இடையில் குழாய் வைத்துக் குழலுக்குள் மூச்சை ஊதுவார்கள். பார்க்க வேடிக்கைதான், ஆனால் மூச்சின் ஈரம் நன்றாக வேலை செய்யும். அப்புறம், அன்றைக்கே தண்ணீர்விட்டுக் கழுவாவிட்டால் துரு நிச்சயம்.