கேவர்னோமாவுக்கு மாத்திரை வருமா?

கேள்வி: தலைவலிக்காக எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேனில், என் அண்ணனின் மூளையில் ‘கேவர்னோமா’ என்னும் ரத்தநாளக் கோளாறு இருப்பது தெரியவந்தது. அது தலைவலிக்குக் காரணமல்ல என்றும், இதுவரை கசியாததாலும் மூளைத்தண்டில் இல்லாததாலும் அறுவைச் சிகிச்சை வேண்டாம் என்றும் மருத்துவர் கூறுகிறார். இதற்கு மருந்தே கிடையாதா?

பதில்: கேவர்னோமாவைக் கரைக்கவோ அது கசியாமல் தடுக்கவோ, பலன் நிரூபிக்கப்பட்ட மருந்து இன்றுவரை இல்லை. தந்துகிகள் (மிக நுண்ணிய ரத்தக் குழாய்கள்) மெல்லிய சுவருடன் புடைத்து, முசுக்கொட்டைப் பழம்போலக் கொத்தாகத் திரண்டிருக்கும் இக்கோளாறு ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கு உண்டு. அவர்களில் பலர் அதை அறியாமலே வாழ்கிறார்கள்.

நோயின் காரணம் பற்றிய ஆராய்ச்சி வெகுதூரம் வந்துவிட்டது. குடும்பங்களில் தொடரும் வகைக்குக் காரணமான முதல் மரபணு 1999-இல் அடையாளம் காணப்பட்டது. பின்னர் மேலும் இரண்டு தெரியவந்தன. ரத்தநாள உட்சுவர்ச் செல்களுக்குள் ஒரு சமிக்ஞை எல்லை மீறாமல் இம்மூன்றும் கட்டுப்படுத்துகின்றன. ஒன்று பழுதானாலும் செல்களின் பிணைப்பு தளர்ந்து சுவர் கசியத் தொடங்குகிறது. வேகமாக வளரும் கேவர்னோமாக்களில், புற்றுநோய்களில் காணப்படும் பி.ஐ.கே.3.சி.ஏ. மரபணு மாற்றமும் சேர்ந்திருப்பதை 2021-இல் வெளியான ஆய்வு காட்டியது. கேவர்னோமா புற்றுநோய் அல்ல. ஆனால் புற்றுநோய்க்கென உருவான மருந்துகளை இங்கும் சோதித்துப் பார்க்க வழி பிறந்திருக்கிறது.

குடல் பாக்டீரியாக்களின் வெளிச்சுவர்ப் பொருள் இந்நோயைத் தூண்டுவதாக 2017-இல் எலிகளில் கண்டறியப்பட்டது வியப்பான செய்திதான். ஆயினும் அதை நம்பிப் புரோபயாட்டிக் (நன்மை தரும் பாக்டீரியா) மாத்திரை வாங்கக் கிளம்பிவிட வேண்டாம். அது மனிதர்களுக்குப் பலனளிக்கும் என்பதற்குச் சான்றில்லை.

எலிகளில் கிடைக்கும் பலன் மனிதர்களிடம் கிடைக்காமல் போவது இத்துறைக்குப் பழகிய ஏமாற்றம். எலிகளில் ரத்தக்கசிவைக் குறைத்த அடோர்வாஸ்டாட்டின் என்னும் கொழுப்புக் குறைப்பு மருந்து, ஏற்கெனவே கசிவு கண்ட நோயாளிகளுக்குத் தரப்பட்டபோது, ஒப்பீட்டுக்காகத் தரப்படும் மருந்தில்லாப் போலி மாத்திரையைவிடச் சிறப்பாகச் செயல்படவில்லை. பரம்பரை வகை உள்ளோரிடம் இத்தாலியில் நடந்த புரோப்ரனலால் (ரத்த அழுத்த மருந்து) சோதனையின் முடிவுகள் 2023-இல் வெளியாயின; அம்மருந்து பாதுகாப்பானது என்பது தெளிவானது, ஆனால் பலனை உறுதிசெய்ய 83 பேர் போதவில்லை.

அண்ணனுக்கு உடனே பயன்படக்கூடியது வேறோர் ஆய்வு. 1,620 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து 2016-இல் வெளியான அதில், மூளைத்தண்டுக்கு வெளியே, கசிவோ நரம்பியல் குறைபாடோ இன்றிக் கண்டறியப்பட்டவர்களுக்கு ஐந்தாண்டுகளில் கசிவு ஏற்படும் வாய்ப்பு 3.8 சதவீதமாகவும், மூளைத்தண்டில் இருந்து அத்தகைய பாதிப்புடன் வந்தவர்களுக்கு 30.8 சதவீதமாகவும் இருந்தது. காத்திருக்கலாம் என்ற அறிவுரை இத்தகைய கணக்கின் அடிப்படையில் தரப்படுவதே அன்றி, அலட்சியம் அல்ல. ஆனால் வலிப்போ, திடீரெனக் கைகால் பலவீனமோ, இதுவரை கண்டிராத கடுமையான தலைவலியோ வந்தால் காத்திருக்கக் கூடாது.

கேள்வி: ஏ.வி.எம். என்பதும் இதுதானா?

பதில்: இல்லை. ஏ.வி.எம். என்னும் தமனி-சிரைக் கோளாறில் தமனி, தந்துகிகளின்றி நேரடியாகச் சிரையோடு இணைந்துவிடுகிறது. தமனியின் அழுத்தத்தைச் சிரை தாங்க வேண்டியிருப்பதால், அது வெடித்தால் பாதிப்பு பெரும்பாலும் கடுமையாக இருக்கும். 2018-இல் வெளியான ஆய்வில் சோதிக்கப்பட்ட 72 நோயாளிகளின் திசுக்களில் 45 பேருடையவற்றில், புற்றுநோய்களிலும் காணப்படும் கே.ஆர்.ஏ.எஸ். மரபணு மாற்றம் இருந்தது. பிறவிக் கோளாறு என்றே கருதப்பட்டு வந்ததற்கு மருந்து தேடும் எண்ணம் வலுப்பட்டது அதன் பிறகுதான்.

வெடிக்காத ஏ.வி.எம்.மைத் தொடலாமா என்பது இன்னும் தீராத வழக்கு. 2014-இல் அச்சான அருபா ஆய்வில், சராசரியாக 33 மாதங்களில், தலையீட்டுச் சிகிச்சைக்கு (அறுவை, ரத்தநாளத்தை அடைத்தல், கதிர்வீச்சு) ஒதுக்கப்பட்டவர்களில் சுமார் 31 சதவீதத்தினரும், மருந்துகளால் மட்டும் கவனிக்கப்பட்டவர்களில் 10 சதவீதத்தினரும் பக்கவாதத்துக்கோ மரணத்துக்கோ ஆளாயினர். இருப்பினும் வாழ்நாள் முழுவதும் தொடரும் அபாயத்தை மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில் அளந்துவிட முடியாது என்ற மறுப்பில் நியாயம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது; அதிலும், மூளையின் மேற்பரப்பில், முக்கியப் பகுதிகளைத் தொடாமல், மூன்று செ.மீ.க்கும் சிறியதாக ஏ.வி.எம். உள்ள இளவயதினருக்கு, அனுபவமிக்க அறுவை மருத்துவரின் கருத்தைக் கேட்காமல் முடிவெடுப்பது சரியாகாது.